கருவியும் கலைஞனும்

எழுத்தாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு தனி நடை உண்டு. பெயரைக் காணாமலே, "இஃது இன்னார் எழுதியது" என்று அவ்வெழுத்தில் பழகியோர் கூறிவிடுவர். திரைப்படத்திலோ காட்சியைப் பதிவது காமிரா என்னும் பொறி. அஃது உயிரற்றது, யார் கையில் இருப்பினும் எதிரே உள்ளதையே காட்டுவது. அத்தகைய பொறியின் வாயிலாக ஒரு கலைஞனின் உள்ளம் வெளிப்படுதல் கூடுமோ? கூடும் என்பதற்கு ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்கள் சான்றாகும்.

ஓசு 1903-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் பிறந்தவர். 1927 முதல் 1962 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, 1963-இல் மறைந்தவர். பெற்றோர் மூப்பெய்துதல், மகள் மணமாகிப் பிரிதல் போன்ற இல்லற நிகழ்ச்சிகளே அவருடைய பிற்காலப் படங்கள் பலவற்றின் பொருள்.

அக்காலத்தில் ஜப்பானியர் பலர் தம் வீடுகளில் பாய் பரப்பிய தரையில் அமர்ந்து உண்டனர், உரையாடினர். அவ்வாறு அமர்ந்தவர் கண்ணினும் தாழ்வாக ஓசு தம் காமிராவை வைத்தார். ஒளிப்பதிவாளர் தரையிற் படுத்தவாறு அதனுள் நோக்க நேர்ந்தது. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றையே அவர் கையாண்டார். பிற்காலப் படங்களில் வைத்த இடத்தை விட்டுக் காமிரா நகர்வது மிக அரிது. அதே நாட்டில் அதே காலத்தில் வாழ்ந்த மிசோகுச்சியின் காமிராவோ, நெடுநேரம் மாந்தரைப் பின்தொடர்ந்து செல்லும் இயல்பினது. பொறி ஒன்றே, நோக்கு வேறு.

ஓசுவின் நோக்கு விளைக்கும் பயனை 1953-இல் வெளிவந்த 'டோக்கியோ கதை' என்னும் படத்திற் காணலாம். முதிய பெற்றோர் இருவர், தொலைவிலுள்ள ஓனோமிச்சி என்னும் ஊரிலிருந்து, டோக்கியோவில் வாழும் தம் மக்களைக் காண வருகின்றனர். மக்களுக்கோ தத்தம் அலுவலே பெரிதாக இருக்கிறது. போரில் மறைந்த மகனின் மனைவியே அவர்களை அன்புடன் பேணுகிறாள். ஊர் திரும்பிய தாய் இறந்துவிடுகிறாள். இறுதியில் தந்தை தம் வீட்டில் தனியே அமர்ந்திருக்கிறார்.

அவருடைய துயரைப் பெரிதாக்கிக் காட்டக் காமிரா விரைந்து செல்லவில்லை. அவரோடு மற்றொருவர் போலத் தரையில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. மக்களின் குறையைக் காணும்போதும், வீட்டிற்கு வந்த விருந்தினர் போல் அடக்கத்துடனேயே நோக்குகிறது. ஆதலால் அவர்களை வெறுக்க நமக்கு மனம் வருவதில்லை. "நாமும் நம் பெற்றோரிடம் இவ்வாறு நடந்துகொண்டோமோ?" என்னும் வினா உள்ளத்தில் எழுகிறது.

காமிராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் இயக்குநர், மனிதரை எவ்வாறு நோக்குவது என்பதையும் அப்பொழுதே முடிவு செய்துவிடுகிறார். அம்முடிவே அவருடைய நடை.