பனிமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூர்

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. அங்கே, ஆஸ்திரியா நாட்டில், கால்டூர் என்ற சிற்றூர் உள்ளது. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரில் சுமார் 800 பேர் வாழ்கிறார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் விடுமுறையைக் கழிக்க வெளியூர் மக்கள் இங்கே வருகிறார்கள்.

கோடைக்காலம்

கோடையில் பனி உருகும். மலைச்சரிவில் புல்லும் பூவும் நிறையும். விவசாயிகள் மாடுகளை மேலே உள்ள மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் செல்வார்கள். கீழே புல்லை அறுத்து உலர்த்துவார்கள். அதுதான் குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீவனம். விருந்தினர் மலைப்பாதையில் நடப்பார்கள். பாலில் செய்த பாலாடைக்கட்டியை வாங்கி உண்பார்கள்.

குளிர்காலம்

குளிர்காலத்தில் எங்கும் வெண்பனி. விருந்தினர் காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடுவார்கள். விடுதி, கடை, உணவகம் எல்லாவற்றிலும் வேலை இருக்கும். பனிதான் ஊருக்குச் சோறு போடுகிறது.

அந்தப் பனியே ஒரு நாள் எமனாக வந்தது.

1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். வாரக்கணக்கில் பனி கொட்டியது. சாலை மூடப்பட்டது. விருந்தினரால் ஊர் திரும்ப முடியவில்லை. பிப்ரவரி 23ஆம் நாள் மாலை நான்கு மணி அளவில், மலையிலிருந்து பனி பெயர்ந்து ஊருக்குள் பாய்ந்தது. பாதுகாப்பான இடம் என்று எண்ணிய வீடுகளும் புதைந்தன. 31 பேர் இறந்தார்கள். வெளியிலிருந்து உதவி வர முடியவில்லை. ஊர் மக்களும் விருந்தினரும் சேர்ந்து, இரவெல்லாம் பனியைத் தோண்டிப் பலரை மீட்டார்கள். மறுநாள் காலைதான் ஹெலிகாப்டர்கள் வந்தன.

மக்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஆபத்தான இடங்கள் எவை என்று மறுபடியும் ஆராய்ந்தார்கள். மலைச்சரிவில் தடுப்புகள் அமைத்தார்கள். ஊரின் ஓரத்தில் 345 மீட்டர் நீளமுள்ள பெரிய சுவரைக் கட்டினார்கள்.

ஐரோப்பாவில் பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண்களால் அறிவிக்கிறார்கள். 1 என்றால் ஆபத்து குறைவு. 5 என்றால் மிகப் பெரிய ஆபத்து. எண்ணைப் படித்த பிறகே மலைக்குப் போவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

மலையானாலும் கடலானாலும் ஆறானாலும், நம்மை வாழ வைப்பதே சில நேரம் சீறும். அறிவிப்பைப் படிப்போம். படித்தபடி நடப்போம்.

புதிய சொல்
பனிச்சரிவு – மலையில் குவிந்த பனி பெயர்ந்து வேகமாகக் கீழே பாய்வது.

விடை சொல்லுங்கள்
1. கால்டூர் மக்கள் கோடையில் புல்லை ஏன் உலர்த்துகிறார்கள்?
2. பனிச்சரிவுக்குப் பிறகு ஊர் மக்கள் என்னென்ன செய்தார்கள்?
3. உங்கள் ஊரில் வெள்ளமோ புயலோ வரும் என்றால் எப்படி அறிவிக்கிறார்கள்? பேசுங்கள். இரண்டு வரி எழுதுங்கள்.