போனஸ் பணத்துல கேமிங் பிசி: எந்தப் பார்ட்டுக்கு எவ்வளவு?

ஆனைக்குட்டத்துல இருந்து தினமும் சிவகாசிக்கோ விருதுநகருக்கோ வேலைக்குப் போய் வர்ற ஒரு இளைஞரை நினைச்சுக்கோங்க. சம்பளம் 28,000. ரொம்ப நாள் ஆசை ஒரு கேமிங் பிசி. தீபாவளி போனஸ் வந்ததும் மீதியை இஎம்ஐ போட்டு வாங்கிடலாம்னு பிளான். இது சரியா? ஆசை தப்பே இல்லை. ஆனா எந்த வரிசையில செலவு பண்றோம்கிறதுதான் விஷயம்.

1. முதல்ல மொத்தச் செலவைப் போடுங்க

நிறைய பேர் கேபினெட்டுக்குள்ள இருக்கிற பார்ட்ஸை மட்டும் கணக்குப் போடுவாங்க. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், யுபிஎஸ் எல்லாம் கடைசியில கிரெடிட் கார்டுல ஏறும். அதனால உங்க கையில 1 லட்சம் இருந்தா, 20,000-ஐ இதுக்குன்னு முதல்லயே ஒதுக்கிடுங்க. பிசிக்கு மீதி 80,000 மட்டும்தான்.

2. அந்த 80,000-ஐப் பிரிக்கிறது எப்படி?

நான் சொல்ற கணக்கு இது. விலை மாறும், விகிதத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க.

- கிராஃபிக்ஸ் கார்டு: 35% (28,000)
- ரேம், எஸ்எஸ்டி சேர்த்து: 20% (16,000)
- ப்ராசஸர்: 18% (14,400)
- மதர்போர்டு: 13% (10,400)
- எஸ்எம்பிஎஸ்: 8% (6,400)
- கேபினெட், ஃபேன்: 6% (4,800)

கேம் ஓடுற வேகத்தைப் பெரும்பாலும் முடிவு பண்றது கிராஃபிக்ஸ் கார்டுதான். அதனாலதான் அதுக்குப் பெரிய பங்கு. ஆனா உங்க மானிட்டர் 1080பி-ன்னா, 4கே-வுக்கான கார்டு வாங்குறது வீண் செலவு. மானிட்டரை முடிவு பண்ணிட்டு அப்புறம் கார்டைத் தேடுங்க.

ரேம் ஒரே ஸ்டிக்கா வாங்காம, ரெண்டு ஸ்டிக்கா வாங்குங்க. டூயல் சேனல்ல வேகம் கூடும். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்களோட தேவையால ரேம் விலை கிடுகிடுன்னு ஏறிச்சு. அதனால பழைய வீடியோவுல சொன்ன ரேம் விலையை நம்பி பட்ஜெட் போடாதீங்க. எஸ்எஸ்டி 1 டிபி வேணும். பெரிய கேம் ஒண்ணே 100 ஜிபி-யைத் தாண்டுது.

மதர்போர்டுல பார்க்க வேண்டியது, நாளைக்கு ப்ராசஸரை மட்டும் மாத்த முடியுமா என்பதுதான். ஏஎம்டி-யோட பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2017-ல போர்டு வாங்கின பலர், பயாஸ் அப்டேட் பண்ணி 2022-ல வந்த ப்ராசஸரைப் போட முடிஞ்சது. இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்குமாவது ஆதரவு உண்டுன்னு அந்த நிறுவனம் சொல்லியிருக்கு. இன்டெல் ப்ராசஸர் பேர்ல கடைசியில 'எஃப்' இருந்தா அதுக்குள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. பிற்பாடு கார்டு வாங்கிக்கலாம்னு நினைக்கிறவங்க அதைத் தொடாதீங்க, திரையே வராது.

3. நம்ம ஊர் வெயில், நம்ம ஊர் கரண்ட்

சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்து ரிவ்யூ பண்றவங்க சொல்ற கேபினெட் நமக்கு ஒத்து வராது. விருதுநகர் மாவட்டத்து வெயில்ல ரூமே கொதிக்கும். முன்பக்கம் கண்ணாடி மூடின அழகு கேபினெட்டை விட, வலை போட்டு, கழுவுற மாதிரி டஸ்ட் ஃபில்டர் இருக்கிற கேபினெட் நல்லது. சூடு அளவைத் தாண்டினா கார்டு தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்போ நீங்க கொடுத்த 28,000-க்கு முழுப் பலன் கிடைக்காது.

எஸ்எம்பிஎஸ்-ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. அது கெட்டா பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துக் கெடுத்துட்டுப் போகலாம். யுபிஎஸ்-லயும் கவனம்: சாதாரணமா கிடைக்கிற 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது பிசி 400 வாட் இழுத்தா, கரண்ட் போன அடுத்த நொடி அதுவும் அணைஞ்சுடும். 1000 விஏ பாருங்க. பிளக் பாயிண்ட்ல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்துக்கோங்க.

கரண்ட் பில்லும் செலவுதான். 400 வாட், தினமும் 4 மணி நேரம், 60 நாள்: 96 யூனிட். ரெண்டு மாச பில்லுல இவ்வளவு கூடும். வீட்டு பில்லைக் கட்டுறது அப்பாவா இருந்தா, இதை முன்னாடியே பேசிடுங்க!

4. எங்க வாங்குறது?

மதுரைக்கு ஒரே நாள்ல போய் வந்துடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை பேசலாம், ஆனா ஒரு பார்ட் கெட்டா திரும்பப் போகணும். பஸ் செலவு, லீவு எல்லாம் சேர்த்து ஒப்பிடுங்க. எங்க வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கட்டாயம். ஆன்லைன்னா பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க.

செகண்ட் ஹேண்ட் கார்டா? 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்ன பிறகு, இரவும் பகலும் ஓடின கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்துச்சு. கண் முன்னாடி அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டாத கார்டை வாங்காதீங்க.

5. நோ காஸ்ட் இஎம்ஐ-யில காஸ்ட் எங்க இருக்கு?

60,000 ரூபாய் பொருள், 12 மாசம், மாசம் 5,000. வட்டியே இல்லாத மாதிரி தெரியும். உள்ளே பேங்க் 16% வட்டி போடுதுன்னு வைங்க. சுமார் 4,900 ரூபாய் வட்டியைக் கடைக்காரர் டிஸ்கவுண்டா கழிச்சுடுவார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அதாவது சுமார் 880 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் தனி. ரொக்கம் கொடுத்தா கிடைச்சிருக்கிற தள்ளுபடியும் போச்சு.

இதைவிடப் பெரிய ஆபத்து, நடுவுல வேலை போனாலோ வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ இஎம்ஐ காத்திருக்காது என்பதுதான். கார்டு பாக்கி நின்னா மாசம் 3%-க்கு மேல வட்டி ஓடும்.

மாத்து வழி இருக்கு. ஜனவரியில மாசம் 7,500-க்கு ஒரு ஆர்டி ஆரம்பிங்க. அக்டோபர்ல 75,000 கையில. போனஸ் 25,000 வந்தா 1 லட்சம் ரெடி, கடனே இல்லை. போனஸ் குறைஞ்சா? கேபினெட், எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் நல்லதா வாங்கிட்டு, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற ப்ராசஸரைப் போட்டு ஓட்டுங்க. கார்டு அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை: மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கணும். அது இல்லாதவங்க முதல் ஆர்டி-யை அதுக்குப் போடுங்க, பிசி ரெண்டாவது. உங்க பட்ஜெட்டும் மானிட்டர் சைஸும் கமெண்ட்ல போடுங்க, எந்தப் பார்ட்டுல குறைக்கலாம்னு சேர்ந்து பார்ப்போம்.