சவரக்கத்திக்கு ஏற்ற கல்

தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகம் உள்ள கார்டன் ரீச்சில் தங்கிப் படிக்கிறேன். நாவிதர் பெரும்பாலோர் அலகு மாற்றும் கத்திக்குப் போய்விட்டனர். ஆகவே, பாட்டனார் விட்டுச்சென்ற மடக்குக்கத்தியை வைத்திருக்கும் தோழர்கள், கடைசியாகத் தீட்ட எந்தக் கல் ஏற்றது என்று என்னைக் கேட்கின்றனர்.

கடினம் ஒன்றே போதாது. வைரத்துக்கு அடுத்த நிலையில் வரும் மிகக் கடினமான கனிமங்களுள் ஒன்று குருந்தக்கல். 'கொரண்டம்' என்னும் ஆங்கிலப் பெயரும் நம் குருந்தத்திலிருந்து பிறந்ததே. ஆயினும் அதன் பருந்துகள் கத்தியின் வாயை ஆழக் கீறும். அக்கீறலே தோலை எரியச் செய்வது.

துகளின் நுண்மையையும் வடிவையும் பார்க்க வேண்டும். பெல்ஜியத்துக் கோட்டிக்யூல் கல்லிலுள்ள கார்னெட் மணிகள் ஏறக்குறைய உருண்டையானவை. ஆழ உழாமல் மேலாகச் சுரண்டும். அமெரிக்காவின் ஆர்கன்சா கல் நுண்சிலிக்கா. 'நோவாகுலைட்' என்ற அதன் பெயர், சவரக்கத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இவை விலை மிக்கவை. மாணவனுக்கு 1000, 4000, 8000 எண்ணுள்ள செயற்கைக் கற்களே போதும். முதற்கல்லில் வாய் சீராக அமையாவிடில், கடைசிக்கல் எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியட்டும். வாய் முன்செல்லத் தீட்டுக. பின்னர்த் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுக்க. தோழரே, கல்லை இரவல் தரலாம், கத்தியைத் தரலாகாது. குருதிவழி நோய் பரவும்.