காப்பி அடிப்பது யார்? மாணவனா, வகுப்பா?

தேர்வு அறை. ஒரு மாணவன் பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்த்து எழுதுகிறான். 'அவன் குணமே அப்படி' என்று சொல்லிவிடுகிறோம். அதே மாணவன் வேறு பள்ளியில், வேறு ஆசிரியரிடம் படித்தால் அப்போதும் காப்பி அடிப்பானா? இதை விஞ்ஞான முறையில் ஆராய முடியுமா?

முடியும். அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷார்ன், மார்க் மே என்னும் இருவர் 1920-களில் இதை ஆராய்ந்தனர். 8 முதல் 16 வயது வரையுள்ள சுமார் 11,000 பிள்ளைகளைச் சோதித்து, 1928-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர்.

"நீ ஏமாற்றுவாயா?" என்று கேட்டால் யார் "ஆம்" என்பார்கள்? ஆகவே அவர்கள் வேறு வழி கண்டனர். தேர்வுத் தாள்களை வாங்கிச் சென்று, விடைகளை இரகசியமாகக் குறித்துக்கொண்டனர். பிறகு சரியான விடைகளோடு தாள்களை மாணவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னனர். முன்பு தவறாக இருந்த விடை இப்போது சரியாக மாறியிருந்தால், நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும்!

இன்னொரு சோதனை வேடிக்கையானது. தாளில் சிறு வட்டங்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எண் எழுத வேண்டும். பார்க்காமல் எல்லாவற்றையும் சரியாக எழுதுவது ஏறக்குறைய நடக்காத காரியம். முழு வெற்றி பெற்றவர் கண்ணைத் திறந்திருக்க வேண்டும்.

முடிவு என்ன? பிள்ளைகளை 'நேர்மையானவர்', 'ஏமாற்றுபவர்' என்று இரண்டு கூட்டமாகப் பிரிக்க முடியவில்லை. ஓரிடத்தில் நேர்மையாக இருந்தவர் வேறோரிடத்தில் ஏமாற்றினார். ஒரே வகுப்பில் படித்தவர்கள் இதில் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர். ஆசிரியரும் மாணவரும் நல்லுறவோடு பழகிய வகுப்புகளில் ஏமாற்று குறைவாக இருந்தது.

அப்படியானால் தனி மனிதனின் குணத்திற்குப் பங்கே இல்லையா? உண்டு. 1963-இல் ரோஜர் பர்ட்டன் அதே சோதனைகளின் முடிவுகளை மீண்டும் ஆராய்ந்து, குணத்திற்கும் ஓரளவு பங்கு உண்டு என்று காட்டினார். விதை ஒன்றானாலும் மண்ணுக்குத் தக்கபடிதானே பயிர் வளர்கிறது?

அந்த மண் எது? 1998-இல் அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதைத் தொட்டது. 'எங்கள் பள்ளியில் பாடம் புரிவதைவிட மதிப்பெண்ணும் போட்டியும்தான் பெரிது' என்று கருதிய மாணவர்களிடையே அறிவியல் பாடத்தில் காப்பி அடிக்கும் வழக்கம் அதிகம் காணப்பட்டது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. காப்பி அடிப்பவர் தம் செயலுக்குச் சமாதானமாகப் பள்ளியைக் குறை கூறியும் இருக்கலாம்.

மதிப்பெண் ஒரு தெர்மாமீட்டர் போன்றது. அதை உதறினால் பாதரசம் இறங்கும், காய்ச்சல் இறங்குமா? மருத்துவர் ஏமாறுவார், நோய் வளரும். வகுப்பே காப்பி அடித்தால், எந்தப் பாடம் புரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடும். புரியாமல் விழிக்கும் மாணவனுக்கு உதவி கிடைக்காது. நேர்மையாக எழுதியவன் 'நாம் மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?' என்று நினைக்கத் தொடங்குவான். வழக்கம் பரவுவது இப்படித்தான்.

செய்து பாருங்கள்: ஒரு தாளில் பத்துச் சிறு வட்டங்கள் வரையுங்கள். முதலில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதுங்கள். அடுத்து, துணி இல்லாமல், தனி அறையில், கண்ணை மூடி எழுதுங்கள். இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிடுங்கள். விடையை யாருக்கும் காட்ட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.