பேனலில் மங்கிய எழுத்து யார் கணக்கில்?

கேள்வி: ஐயா, பன்னிரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன், இரண்டு வருடமாக ஆசிட் டேங்கர். போன மாதம் மேட்டூரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் லோடு ஏற்றித் திருப்பூர் போகும் வழியில், பெருந்துறை அருகே பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். ஹசார்டஸ் லைசென்ஸ், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. ட்ரெம் கார்டு மட்டும் கையில் இல்லை. கம்பெனியில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். போனில் காட்டினேன், ஏற்கவில்லை. பின்பக்கப் பேனலில் எழுத்து படிக்க முடியவில்லை என்றும் எழுதிவிட்டார். சலானில் 190(3) என்று இருக்கிறது. கோர்ட்டுக்கு வரச் சொல்கிறார்கள். “தப்புதான்னு ஒத்துக்கிட்டுப் பணத்தைக் கட்டிட்டு வா, நான் தர்றேன்” என்கிறார் ஓனர். லைசென்ஸ் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

– டேங்கர் ஓட்டுநர், நாமக்கல் மாவட்டம்

பதில்: ஒப்புக்கொள்ள அவசரப்படாதீர்கள். உங்கள் ஓனர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அபராதத்தை அவர் தந்துவிடலாம். மூன்று மாதம் வண்டி ஏற முடியாமல் வீட்டில் உட்கார வேண்டி வந்தால், அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சலானில் இருக்கும் பிரிவு எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை, தொகையைத்தான் பார்க்கிறார்கள். அதே சலானில் 177 என்று இருந்திருந்தால் முதல் முறைக்கு 500 ரூபாயோடு போயிருக்கும். 190(3) அப்படியல்ல. அபாயகரமான சரக்கு பற்றிய விதிகளை மீறியதற்கென்றே மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ள பிரிவு அது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம், கூடவே மூன்று மாத லைசென்ஸ் தகுதி நீக்கம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 20,000 ரூபாய், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதிகாரியிடமே பணம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியல் 200-ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் 190(3) கிடையாது. அதனால்தான் உங்களைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது ஒருவிதத்தில் உங்களுக்கு நல்லதுதான். ரோட்டோரத்தில் யாரும் கேட்காத உங்கள் தரப்பை அங்கே சொல்லலாம். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அது உங்கள் பெயரில் முதல் குற்றமாக நிற்கும், ஓனர் பெயரில் அல்ல.

சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நிறையவே இருக்கிறது. இந்தப் பிரிவு ஓட்டியவரை மட்டும் பிடிப்பதில்லை, ஓட்ட அனுமதித்தவரையும் பிடிக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்துப் பாருங்கள். சரக்கைப் பற்றிய முழு விவரத்தையும் தர வேண்டியவர் அனுப்பும் கம்பெனிக்காரர்; அது 131-ஆம் விதி. அந்த விவரத்தை எழுத்து வடிவில், அதாவது ட்ரெம் கார்டாக, ஓட்டுநர் கையில் சேர்க்க வேண்டியவர் வண்டி உரிமையாளர், அது 132. அப்படிக் கையில் கொடுத்ததைக் கேபினில் எப்போதும் எடுக்கும்படி வைத்திருப்பதுதான் 133-ஆம் விதிப்படி உங்கள் வேலை. கையில் கொடுக்கப்படாத கார்டை எப்படி வைத்திருக்க முடியும்? உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

வாட்ஸ்அப் விஷயத்தில் அதிகாரி பக்கமும் நியாயம் இருக்கிறது. லைசென்ஸையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரில் காட்டலாம் என்பதால் எல்லாத் தாளையும் போனில் காட்டலாம் என்று ஓட்டுநர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ட்ரெம் கார்டு சோதனைக்காக மட்டும் இருக்கும் தாள் இல்லை. வண்டி கவிழ்ந்து நீங்கள் நினைவில்லாமல் கிடந்தால், பூட்டிய போனுக்குள் இருக்கும் கார்டைத் தீயணைப்பு வீரர் எப்படிப் படிப்பார்? 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஓர் இடத்துக்கு ஓடி வருகிறவருக்கு, உள்ளே இருப்பது என்ன, தண்ணீர் அடிக்கலாமா கூடாதா என்று சொல்வது பேனலும் கார்டும்தான். ஆனாலும் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் அனுப்பினார்கள் என்பது அதில் இருக்கிறது. அச்சிட்ட கார்டு உங்களுக்குத் தரப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இனி பேனல். 134-ஆம் விதி அளவோடு சொல்கிறது: இரண்டு பக்கமும் பின்னாலும் என மூன்று இடத்தில் இருக்க வேண்டும். சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத எழுத்தில், வகை எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வகைச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், அதோடு அவசரத்துக்கு அழைக்க வேண்டிய போன் எண்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வகை 8, அதன் யு.என். எண் 1789. இந்த ஆசிட் டேங்கர்களில் ஒரு தொல்லை உண்டு. மேல்மூடியிலிருந்து கசியும் புகையே பெயிண்டைத் தின்றுவிடும். பின்பக்கம் வழிந்த இடத்தில் 1789-இல் கடைசி 9 பாதி உரிந்து 0 மாதிரி தெரிந்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே ஒருமுறை எழுதினால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. எழுதிக் கொடுப்பது ஓனர் செலவு. மங்கியிருக்கிறது என்று சொல்வது உங்கள் பொறுப்பு. முன்பே சொல்லியிருந்தால், அந்தச் செய்தியோ குரல் பதிவோ இருந்தால், அதையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, இன்றைக்கே செய்ய வேண்டியவை. பேனலை மூன்று பக்கமும் அளவு நாடா வைத்துப் போட்டோ எடுங்கள், திரும்ப எழுதும் முன்னால். அன்றைய பில், டெலிவரி சலான், மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழ், லைசென்ஸில் உள்ள ஹசார்டஸ் குறிப்பு எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். அந்தக் குறிப்பு உங்களுக்கு நடப்பில் இருப்பது பெரிய பலம். அது இல்லாத ஓட்டுநர் விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் திரும்ப வசூலிக்கும் நிலைகூட வந்துவிடும். லைசென்ஸை அதிகாரி வாங்கி வைத்திருந்தால், அதற்குத் தந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் குறித்த தேதி வரை அதை வைத்து ஓட்டலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய தேதி போட்டு ட்ரெம் கார்டு ஒன்றைத் தயாரித்துத் தருகிறோம் என்று யாராவது சொல்வார்கள். வாங்காதீர்கள். அபராதத்தோடு போகக்கூடிய வழக்கு போலி ஆவண வழக்காகிவிடும். அதில் ஓனரும் கம்பெனியும் விலகிக்கொள்வார்கள், நீங்கள் மட்டும் நிற்பீர்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வக்கீல் தருவார்கள். நான் மேலே சொன்ன விதி எண்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். இந்த விதிகளைத் தினமும் புரட்டுகிறவர்கள் குறைவு. லைசென்ஸைத் தகுதி நீக்கம் செய்ய ஆர்.டி.ஓ. தனியாக நோட்டீஸ் அனுப்பினால் அதையும் சும்மா விடாதீர்கள். உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. போட்டாலும், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

விசாரணைத் தேதிக்கு முந்தைய நாள் தூர லோடு எடுக்காதீர்கள். வராமல் போனால் வாரண்ட் வரும், பிறகு உங்கள் நியாயத்தைச் சொல்வதற்கே கஷ்டப்பட வேண்டும். அதுவரை மேட்டூரில் லோடு ஏற்றும்போது, அச்சிட்ட கார்டு கைக்கு வராமல் கேட்டைத் தாண்டாதீர்கள். “போன்ல அனுப்பறோம், கிளம்புப்பா” என்றால், “பிரின்ட் எடுத்துக் குடுங்க, நிக்கறேன்” என்று சொல்லி வண்டியை ஓரமாகப் போடுங்கள்.