பொன் வாசல்

நுழையும் முன்

வேற்றூருக்குப் படிக்கச் செல்பவர் வகுப்பறைக்கு வெளியேயும் பலவற்றைக் கற்க வேண்டியுள்ளது. கடையில் விலை கேட்டல், பேருந்தில் இறங்குமிடம் சொல்லுதல், பழகாத உணவை உண்ணுதல் முதலியவற்றுக்குப் பாடநூல் இல்லை. நாம் வாழும் ஐதராபாத்திலிருந்து அயல்நாடு சென்ற ஒரு மாணவியைப் பற்றியும், அயல்நாடுகளிலிருந்து ஐதராபாத்துக்கு வரும் மாணவர்களைப் பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

ஐதராபாத்திலிருந்து இலண்டனுக்கு

ஐதராபாத்தின் நாம்பள்ளிப் பகுதியில் ‘கோல்டன் திரெஷோல்டு’ என்னும் பழைய வீடு ஒன்று உள்ளது. அப்பெயரைத் தமிழில் ‘பொன் வாசல்’ எனலாம். கவிஞரும் விடுதலைப் போராட்ட வீரருமாகிய சரோஜினி நாயுடு வாழ்ந்த வீடு அது.

சரோஜினி 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் வங்காளத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள். தந்தையார் அகோரநாத் சட்டோபாத்தியாயர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஐதராபாத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கி நடத்தியவர். அதுவே பின்னாளில் நிசாம் கல்லூரியாயிற்று. பெற்றோரின் தாய்மொழி வங்காளம், ஊரில் வழங்கியவை உருதும் தெலுங்கும், கல்வி ஆங்கிலத்தில். உங்களைப் போலவே சரோஜினியும் குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை.

அவர் தம் 12ஆம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். 1895இல், 16ஆம் வயதில், நிசாம் வழங்கிய உதவித்தொகையைப் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் கிர்ட்டன் கல்லூரியிலும் பயின்றார்.

சரோஜினி முன்பே ஆங்கிலத்தில் கவிதை எழுதி வந்தார். அவற்றை எட்மண்ட் காஸ் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளரிடம் காட்டினார். அக்கவிதைகளின் மொழி பிழையற்றிருந்தது. ஆனால் அவற்றில் பாடிய பறவைகளும் விரிந்த காட்சிகளும் இங்கிலாந்துக்குரியவை. ஆங்கிலேயர் எழுதுவதையே தாமும் எழுதினால்தான் அந்நாட்டில் தமக்கு இடம் கிடைக்கும் என்று அவ்விளம்பெண் எண்ணியிருக்கலாம். காஸ் அவற்றை ஒதுக்கிவிட்டு, தாம் பிறந்த நாட்டின் மக்களையும் மரங்களையும் பாடுமாறு அறிவுரை கூறினார்.

அவ்வறிவுரையைச் சரோஜினி ஏற்றுக்கொண்டார். உடல்நலக் குறைவால் 1898இல் பட்டம் பெறாமலே நாடு திரும்பினார். எனினும், 1905இல் அவருடைய முதல் கவிதை நூல் இலண்டனில் வெளிவந்தது. பல்லக்குத் தூக்குவோரும், நெசவாளரும், பாம்பாட்டியும், சோழமண்டலக் கடற்கரையின் மீனவரும் அந்நூலில் இடம்பெற்றனர். ‘பொன் வாசல்’ என்பதே அந்நூலின் பெயர். அதனைக் காஸுக்கே அவர் காணிக்கையாக்கினார். அந்நூலின் பெயரே அவர் வீட்டுக்கும் அமைந்தது.

ஐதராபாத்துக்கு வருவோர்

அவ்வீட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1974இல் ஐதராபாத் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, முதலில் அவ்வீட்டில்தான் இயங்கியது. பின்னர் அது கச்சிபௌலியிலுள்ள பெரிய வளாகத்துக்கு மாறியது. 1998இல் அப்பல்கலைக்கழகம் ‘ஸ்டடி இன் இந்தியா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி அயல்நாட்டு மாணவர்கள் இங்கு வந்து பயில்கின்றனர்.

இவ்வாறு வருவோருள் பரிமாற்ற மாணவர் என்போர் யார்? இவர் தம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெறுபவர். ஒரு பருவமோ ஓராண்டோ மட்டும் வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். இங்குப் பெறும் மதிப்பெண்கள் அவருடைய பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளப்படும். நான்கைந்து மாதங்களே அவருக்குரிய காலம். ஊர் பழகிவருவதற்குள் புறப்படும் நாள் வந்துவிடக்கூடும். ஆதலால் முதல் சில வாரங்கள் அவருக்கு இன்றியமையாதவை.

அவ்வாரங்களில் அவர் செய்ய வேண்டியன பல. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவராயின், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். கைப்பேசிக்கு இந்நாட்டு எண் வாங்க வேண்டும். விடுதி மெஸ்ஸின் காரத்துக்கு நாவைப் பழக்க வேண்டும். எந்தத் தடப் பேருந்து எங்குச் செல்லும், அமீர்பேட்டையில் எந்த மெட்ரோவுக்கு மாற வேண்டும் என்பவற்றை அறிய வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஊரார் ஒருவரைக் கேட்டே தெரிந்துகொள்ள முடியும். கேட்பதற்கு மொழி வேண்டும்.

என் முதல் வாரம்

இதனை நானும் பட்டறிந்தேன். பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வந்த முதல் வாரம், மெஹதிப்பட்டினம் உழவர் சந்தைக்குச் சென்றேன். இருவகைத் தக்காளிகள் குவிந்திருந்தன. “எந்தத் தக்காளி நல்லது?” என்று கேட்டேன். விற்ற அம்மையார், “முப்பை” என்றார். நான் மீண்டும், “எந்த?” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “இரவை ஐது” என்றார். ஒன்றும் விளங்காமல் ஒரு கிலோ வாங்கித் திரும்பினேன்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்தாள். “ஐயா, தெலுங்கில் ‘எந்த’ என்றால் ‘எவ்வளவு’ என்று பொருள். நீங்கள் விலை கேட்டதாக எண்ணி முப்பது என்றிருக்கிறார். மறுபடியும் கேட்டதால், பேரம் பேசுகிறீர்கள் என்று நினைத்து இருபத்தைந்துக்குக் குறைத்துவிட்டார்!” என்றாள்.

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அறியாமையால் எனக்கு ஐந்து ரூபாய் மிச்சமாயிற்று. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் அச்சிறுமியே இந்நகரில் எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியர். இரு சொற்களின் பொருளையும் அறிந்திருந்ததால்தான் அவளால் எனக்கு அதனை விளக்க முடிந்தது.

மனம் சோரும் காலம்

எல்லா நாளும் இவ்வாறு சிரிப்பில் முடிவதில்லை. 1955இல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆய்வுசெய்யவும் சென்ற தம் நாட்டவர் ஏறத்தாழ 200 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். தொடக்கத்தில் பலருக்கும் புதிய நாடு மகிழ்ச்சி தந்தது. இடைக்காலத்தில் தனிமையும் சலிப்பும் மிகுந்தன. நெடுநாள் தங்கியவர்கள் மீண்டும் இயல்பு நிலையை அடைந்தனர். எல்லாருக்கும் இவ்வரிசையிலேயே நிகழும் என்று கொள்ள இயலாது எனப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆயினும், இடையில் வரும் சோர்வு தோல்வியின் அறிகுறியாகாது என்பதை அறிந்திருப்பது, புதிதாக வந்தவர்க்கு ஆறுதல் தரும்.

அச்சோர்வில் இருவகைத் தவறுகள் நேர்வதுண்டு. சிலர் தம் நாட்டவரோடு மட்டுமே கூடி, ஊரைப் பாராமலே ஊர் திரும்புவர். வேறு சிலர் தம் மொழியையும் பெயரையும் மறைத்து, ஊராரைப் போலவே தோன்ற முயல்வர். சரோஜினி இரண்டையும் கடந்தார். இலண்டனின் மொழியை நன்கு கற்றார். அம்மொழியிலேயே தம் நாட்டைப் பாடினார்.

நம் பங்கு

மாணவர்களே, பணிமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் தடையின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே 1963இல் மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. நம் வகுப்பிலும் ஆண்டின் நடுவே ஒரு புதுமுகம் வந்து நிற்பதுண்டு. வருகைப் பதிவின்போது தன் பெயரை இருமுறை சொல்ல நேர்ந்த நாளை உங்களுள் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

அடுத்த முறை புதியவர் ஒருவர் வரும்போது, அவர் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே, பேருந்து எங்கே என்று அவர் கேட்குமுன்னே காட்டுங்கள். அவர் மொழியில் ஒரு சொல்லைக் கேட்டறிந்து, உங்கள் மொழியில் ஒரு சொல்லைக் கொடுங்கள். வீட்டுத் தமிழைக் கைவிடாமலும் ஊர்த் தெலுங்கைத் தள்ளாமலும் வளரும் உங்களால் இதனைப் பிறரினும் நன்றாகச் செய்ய முடியும்.

அருஞ்சொற்பொருள்

பட்டறிந்தேன் – அனுபவத்தால் அறிந்தேன்
திறனாய்வாளர் – இலக்கியத்தின் நிறைகுறைகளை ஆராய்பவர்
காணிக்கை – அன்புடன் படைக்கும் பொருள்
சலிப்பு – வெறுப்புக் கலந்த சோர்வு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சரோஜினி எந்த ஆண்டில், யார் வழங்கிய உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்றார்?
2. பரிமாற்ற மாணவர் என்பவர் யார்?
3. சந்தையில் விற்பவர் விலையைக் குறைத்தது ஏன்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. காஸின் அறிவுரை சரோஜினியின் கவிதையை எவ்வாறு மாற்றியது?
2. புதிய ஊரில் நேரக்கூடிய இருவகைத் தவறுகள் யாவை? அவற்றுள் எதனை நீங்கள் கண்டிருக்கிறீர்கள்?

இ. மொழிப்பயிற்சி
பின்வரும் தெலுங்குச் சொற்களோடு உறவுடைய தமிழ்ச் சொற்களை எழுதுக.
இல்லு (வீடு), பாலு, முப்பை, செப்பு (சொல்)
குறிப்பு: விடை கூறுதலைத் தொல்காப்பியமும் ‘செப்பு’ என்னும் சொல்லால் குறிக்கிறது.

ஈ. செயல்பாடு
உங்கள் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி இந்நகருக்கு வந்த முதல் வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். முதலில் அவர்களுக்கு உதவியவர் யார், அவர்கள் கற்ற முதல் தெலுங்குச் சொல் எது என்பவற்றைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படியுங்கள்.