‘ரீப்’ என்னும் இங்கிலீஷ் சொல்

கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் நெல்லை ‘அறுப்பதாக’வும், பருத்தியை ‘எடுப்பதாக’வும் கூறுவர். மாற்றிச் சொன்னால் சிறுவரும் நகைப்பர். இங்கிலீஷ் பாஷையிலும் இவ்வித்தியாசம் உண்டு. தானியப் பயிரை அரிவாளால் அறுத்தல் ‘ரீப்’. பருத்தி எடுத்தல் ‘பிக்’. அறுப்பு முதல் களஞ்சேர்ப்பு வரையுள்ள முழு வேலையும் ‘ஹார்வெஸ்ட்’ எனப்படும்.

‘ரீப்’ என்று நீட்டி உச்சரித்தல் வேண்டும். ‘ரைப்’ என்றால் ‘பழுத்த, முற்றிய’ என்று அர்த்தம் வேறாகிவிடும். இறந்தகாலத்தில் ‘ரீப்டு’ என்று வரும். அறுப்பவரும் ‘ரீப்பர்’, அறுக்கும் யந்திரமும் ‘ரீப்பர்’. அமெரிக்கரான மெக்கார்மிக் என்பவர் 1834-ல் தாம் அமைத்த அறுப்பு யந்திரத்துக்குப் பேடண்ட் பெற்றார்.

இனி, இச்சொல்லின் உருவகப் பிரயோகத்தைக் கவனிப்போம். ‘ரீப் தி பெனிபிட்’ என்றால் செய்த முயற்சியின் பலனை அடைதல். தீவினையின் பலனுக்கும் இச்சொல்லே வரும். தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் நம் பழமொழியும் இக்கருத்தினதே.

ஆனால் விதைத்தவனே எப்பொழுதும் அறுப்பதில்லை. கதிர் முற்றுமுன் விளைச்சலை வட்டிக்காரருக்கு எழுதிக்கொடுத்த குடியானவன் விதைக்கிறான். பலனை ‘ரீப்’ செய்பவர் மற்றொருவர். இக்கஷ்டத்திற்குப் பரிகாரமாகவே, கிராமந்தோறும் நாணயச் சங்கங்கள் ஏற்படவேண்டுமென்று பிரடரிக் நிக்கல்சன் மதராஸ் சர்க்காருக்கு 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். 1904-ல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று.

அங்கத்தினர்கள் முக்கியமாக அறியவேண்டியது யாதெனில், கடன் வாங்குவதை எவரும் ‘ரீப்’ என்று சொல்வதில்லை என்பதே. கடன் விளைச்சலன்று, விதை. பயிர்க் கடனை உழவுக்கும் உரத்துக்கும் இட்டவர், அறுப்பு முடிந்ததும் தவணையைச் செலுத்தி மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்வர். அதையே கலியாணத்தில் செலவிட்டவர் விதைநெல்லை உண்டவராவர்.

பயிற்சி: கீழ்க்கண்டவற்றுள் ‘ரீப்’ பொருந்துவது எது?

1. களை பறித்தல்.
2. சங்கத்தில் கடன் பெறுதல்.
3. தவணை தவறாது செலுத்தியவர் மறு வருஷமும் தடையின்றிக் கடன் பெறும் நற்பெயரை அடைதல்.

விடை: மூன்றாவது.